வீடு இரண்டு, பள்ளி ஒன்று: பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையின் படிப்பில் சேர்ந்து நிற்பது எப்படி?

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அழைப்பிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு. வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு. எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகும் ஒரு சிறுமி மட்டும் மேசைப் பக்கத்திலேயே நின்றாள். "மிஸ், எனக்கு ரெண்டு வேணும்." கொடுத்தேன். ஒன்றை டைரிக்குள் வைத்தாள். இன்னொன்றை நான்காக மடித்து, மறுபடி எட்டாக மடித்து, ஜாமெட்ரி பாக்ஸில் பாகைமானிக்கு அடியில் வைத்து மூடினாள். அது அப்பாவுக்கு. சனிக்கிழமைதான் அவரைப் பார்ப்பாள். அதுவரை அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். அப்படி மறைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. தானாகவே தீர்மானித்துக்கொண்டாள்.

வகுப்பாசிரியராக இருப்பதால் இந்த மாதிரிப் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அம்மா அப்பா பிரிந்ததைவிட, இரண்டு பேருக்கும் நடுவில் சேதி கொண்டுபோகும் வேலைதான் அவர்களை அதிகம் களைக்க வைக்கிறது. மதிப்பெண் யாரிடம் முதலில் சொல்வது, கையெழுத்து யாரிடம் வாங்குவது, கூட்டத்துக்கு யாரைக் கூப்பிட்டால் யார் வருத்தப்படுவார்கள் என்று பதினொரு வயதில் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பள்ளியிலிருந்து வரும் சேதி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிள்ளையின் கை வழியாகப் போகக் கூடாது, நேராகப் போக வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

"நான்தானே பிள்ளையை வைத்திருக்கிறேன், அவர் எதற்குப் பள்ளிப் பக்கம் வர வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் 1997-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேறு வீட்டில் வசிக்கும் அப்பாக்களையும் சேர்த்து, பள்ளி விஷயங்களில் அப்பாக்கள் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்று அதில் பார்த்தார்கள். தனியாக வசித்தாலும் அப்பா பள்ளிக்கு வந்து போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் நல்ல கிரேடு வாங்கியவர்கள் அதிகமாகவும், ஒரே வகுப்பை மறுபடி படித்தவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 1999-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்று இன்னொரு விஷயத்தைத் தெளிவாக்கியது. எத்தனை முறை சந்தித்தார் என்பதற்கும் பிள்ளையின் நலனுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. நெருக்கமாக இருந்து, படிப்பில் கைகொடுத்து, கண்டிப்பும் அன்புமாக வளர்த்தாரா என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. இவை சேர்ந்து காணப்படும் விஷயங்கள், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. ஆனாலும் வகுப்பறையில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. மாதத்தில் நான்கு ஞாயிறு வெளியே கூட்டிக்கொண்டு போகும் அப்பாவைவிட, வாரத்தில் இரண்டு நாள் போனில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அப்பா பிள்ளையின் பள்ளி வாழ்க்கைக்குள் அதிகம் இருக்கிறார். கூடவே இருக்கும் அம்மாவுக்கும் அது பாதிச் சுமை குறைந்த மாதிரி.

1. முதலில் காகிதத்தை எடுத்துப் படியுங்கள்

பள்ளிக்குப் போவதற்கு முன்னால், நீதிமன்ற உத்தரவோ இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தமோ இருந்தால் அதை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். விவாகரத்துச் சமயத்தில் ஜீவனாம்சம், வீடு என்று மற்ற வரிகளையே படித்திருப்போம். பள்ளி சம்பந்தப்பட்ட வரி ஒரு மூலையில் கிடக்கும். மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கள்: பள்ளியை மாற்றுவது போன்ற பெரிய முடிவை யார் எடுப்பது? பள்ளியிலிருந்து தகவல் பெறும் உரிமை யாருக்கு? பள்ளி முடிந்ததும் பிள்ளையை எந்த நாளில் யார் அழைத்துப் போகலாம்?

இந்த மூன்றும் வெவ்வேறு விஷயங்கள். பிள்ளை ஒருவரிடம் வசிக்கிறது என்பதாலேயே மற்றவருக்குத் தகவல் பெறும் உரிமை போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1974-ல் வந்த குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டத்தின்படி, நீதிமன்ற உத்தரவு போன்ற சட்டபூர்வமான தடை இல்லாதவரை, பிள்ளை யாருடன் வசித்தாலும் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை இருவருக்கும் உண்டு. கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளையைப் பெற்ற இருவரையும், அவர்கள் திருமணம் செய்துகொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், பெற்றோர் என்றே எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் பாதுகாவலர் தொடர்பான 1890-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையின் நலனை முன்வைத்தே நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-வது பிரிவு, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு தாய் தந்தை இருவருக்கும் பொது என்று சொல்கிறது.

உங்கள் உத்தரவில் பள்ளி பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் வழக்கறிஞரிடம் கேட்டு, தகவல் இருவருக்கும் போக வேண்டும் என்ற ஒரே வரியைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். வழக்கு இன்னும் முடியாதவர்கள் இதை இப்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பின்னால் வரும் எத்தனையோ தகராறை அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்.

2. பள்ளிக்குச் சொல்லுங்கள், தேவையான அளவு மட்டும்

எங்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். ஆனால் எல்லா விஷயமும் தெரிய வேண்டாம். பிரிந்த காரணம், யார் மேல் தப்பு, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இதெல்லாம் வகுப்பாசிரியருக்குத் தேவையில்லை. யாருக்குப் போன் செய்வது, யாரிடம் பிள்ளையை அனுப்புவது, எந்த நாளில் பிள்ளை எந்த வீட்டில், இவ்வளவு தெரிந்தால் போதும்.

சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வதே இல்லை. அப்புறம் "குடும்பப் படம் ஒட்டிக்கொண்டு வாருங்கள்" என்று நாங்கள் வீட்டுப்பாடம் கொடுத்துவிடுவோம். பிள்ளை அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போடும். முன்பே தெரிந்திருந்தால் அந்த வீட்டுப்பாடத்தை வேறு மாதிரிக் கொடுத்திருப்போம்.

வாயால் சொல்வதைவிடக் கடிதமாகக் கொடுப்பது நல்லது. வகுப்பாசிரியர் மாறுவார், தலைமையாசிரியர் மாறுவார், காகிதம் கோப்பில் இருக்கும். இப்படி எழுதலாம்:

"எங்கள் பிள்ளை (பெயர்), (வகுப்பு, பிரிவு). நாங்கள் இருவரும் இப்போது தனித்தனி முகவரியில் வசிக்கிறோம். மதிப்பெண் அட்டை, சுற்றறிக்கை, கூட்ட அறிவிப்பு ஆகியவற்றைக் கீழே தந்துள்ள இரண்டு எண்களுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். அவசரமென்றால் முதலில் (பெயர், எண்), கிடைக்காவிட்டால் (பெயர், எண்). பிள்ளையை அழைத்துப் போக அனுமதி உள்ளவர்கள்: (பெயர்கள்). உத்தரவின் நகல் இணைக்கப்பட்டுள்ளது."

இருவரும் கையெழுத்துப் போட்டால் மிக நல்லது. முடியாவிட்டால் தனியாகவே கொடுங்கள், ஆனால் மற்றவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். பள்ளிக் கோப்பில் போன காகிதத்தைப் பிள்ளையே ஒரு நாள் படிக்க நேரலாம். ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் வாரமும் புது வகுப்பாசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். அலுவலகக் கோப்பில் இருப்பது வகுப்பறைக்கு வந்து சேரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

3. தகவல் போக இரண்டு தனி வழி

பிரச்சினை அதிகம் கிளம்புவது இங்கேதான்.

பல பள்ளிச் செயலிகளில் ஒரு மாணவருக்கு ஒரு செல்போன் எண்தான் முதன்மை எண்ணாகப் பதிவாகியிருக்கும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். வருகைப்பதிவு, மதிப்பெண், ஃபீஸ் ரசீது எல்லாம் அந்த ஒரு போனில். மற்றவர் பார்க்க வேண்டுமென்றால் "ஓடிபி அனுப்பு" என்று கெஞ்ச வேண்டும். இவர் வேலையில் இருப்பார், ஓடிபி காலாவதியாகும், அதில் ஒரு சண்டை. இதைத் தீர்ப்பது சுலபம். அலுவலகத்தில் போய் இரண்டாவது பெற்றோர் கணக்கு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அன்றைக்கே திறந்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் திறக்கக்கூடிய ஒரு பொது மின்னஞ்சலைப் பள்ளிக்கென்றே உருவாக்கிக் கொடுக்கலாம். பாஸ்வேர்டை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வேறு எந்தக் கடிதமும் வரக் கூடாது.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருவர் எண்ணும் இருக்கட்டும். "ஒரு மாணவருக்கு ஒரு எண்" என்று பள்ளி சொன்னால், இருக்கிறவர் அன்றன்றைக்கு வந்ததை ஒரு வார்த்தையும் கூட்டாமல் அப்படியே அனுப்பிவிட வேண்டும். "பார்த்துக்கோ, நான்தான் எல்லாம் செய்யணும்" என்று ஒரு வால் ஒட்டினால் அடுத்த முறை அந்தச் செய்தியை மற்றவர் திறக்கவே மாட்டார்.

டைரி வேறு கதை. அது பிள்ளையோடு போய் வருகிற ஒரே புத்தகம். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் அது ஓட வேண்டும். ஒரு பையனின் டைரியில் ஆசிரியர் குறிப்புக்குக் கீழே அம்மா சிவப்பு மையில் அப்பாவுக்கு ஒரு வரி எழுதியிருந்தார், அதற்குக் கீழே அப்பா நீல மையில் பதில். அந்தப் பக்கத்தை அவன் இரண்டு பக்கத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தான், நான் திறந்து பார்த்தால்தான் தெரிந்தது. டைரியில் பிள்ளை படிக்கக் கூடாத எதையும் எழுதாதீர்கள்.

கையெழுத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைக்குப் பிள்ளை யார் வீட்டில் இருக்கிறதோ அவர் போடுவார். மதிப்பெண் அட்டை மட்டும் போட்டோ எடுத்து மற்றவருக்கு அன்று இரவே போக வேண்டும், நல்ல மார்க்கோ குறைந்த மார்க்கோ. குறைந்தபோது மட்டும் அனுப்பினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

4. இருவருக்குள் பேசும் முறை

பழைய வாட்ஸ்அப் உரையாடலிலேயே பள்ளி விஷயத்தையும் பேசாதீர்கள். மேலே தள்ளினால் பழைய சண்டை முழுதும் தெரியும். அந்தக் கோபத்தோடு படித்தால் பரீட்சை அட்டவணைகூடக் குத்தலாகத்தான் படும். பள்ளிக்கென்று தனிக் குழு ஒன்றோ, மின்னஞ்சலோ வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இருவரும் பார்க்கும் ஒரு ஆன்லைன் நாட்காட்டி: பரீட்சை, கூட்டம், சுற்றுலா, விடுமுறை, யார் அழைத்து வருவது.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் பாருங்கள்:

"உனக்கு எப்பவுமே பிள்ளை படிப்புல அக்கறை கிடையாது. போன மாசமும் இப்படித்தான். திங்கக்கிழமை ப்ராஜெக்ட் கொடுக்கணும், ஞாபகம் இருக்கா இல்லையா?"

இதே விஷயம்:

"அறிவியல் ப்ராஜெக்ட் திங்கள்கிழமை கொடுக்க வேண்டும். சார்ட் வாங்கியாச்சு, படமும் வரைந்தாச்சு. எழுதுவது மட்டும் பாக்கி. சனி, ஞாயிறு உங்களிடம் இருக்கும்போது முடித்துவிட முடியுமா? நாளை இரவுக்குள் சொன்னால் போதும்."

இரண்டாவதில் என்ன வேலை, எவ்வளவு முடிந்தது, என்ன பாக்கி, எப்போதைக்குப் பதில் வேண்டும் எல்லாம் இருக்கிறது. போன மாசம் இல்லை. அனுப்புவதற்கு முன் ஒரு தடவை, இதை வகுப்பாசிரியர் படித்தால் பரவாயில்லையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கோபத்தில் எழுதியதை அரை மணி நேரம் வைத்திருந்து மறுபடி படியுங்கள்.

5. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு

ஒன்றாக வரலாமா, தனித்தனியாகவா? ஒரே அறையில் பதினைந்து நிமிடம் அமைதியாக உட்கார முடியும் என்றால் ஒன்றாக வாருங்கள். ஒரே பேச்சை இருவரும் கேட்டால் "மிஸ் அப்படிச் சொல்லலை" என்ற குழப்பம் வராது. அப்பா அம்மா இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பிள்ளையின் தோள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். முடியாது என்றால் தயங்காமல் தனி நேரம் கேளுங்கள். நாங்கள் தப்பாக நினைப்பதில்லை. சண்டையோடு ஒன்றாக வருவதைவிட அமைதியாகத் தனியாக வருவது எவ்வளவோ மேல். தனியாக வந்தால் மூன்று வரிக் குறிப்பை அன்றே மற்றவருக்கு அனுப்பிவிடுங்கள்.

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை, இன்னும் நல்லாப் படிக்கலாம்" என்றுதான் பதில் வரும். இரண்டு வீட்டுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. திங்கள்கிழமை வகுப்பில் எப்படி இருக்கிறான்? வீடு மாறி வரும் நாளில் வீட்டுப்பாடம் முடித்துக்கொண்டு வருகிறானா? பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், இடைவேளையில் யாருடன் இருக்கிறான்? முன்பு கை தூக்குவான், இப்போதும் தூக்குகிறானா? நோட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தேதிகளைப் பார்த்துக்கொண்டே புரட்டினால் எந்த நாட்களில் பாடம் பாதியில் நின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைசியாக, "நான் வீட்டில் செய்ய வேண்டிய ஒரு வேலை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒன்று போதும்.

ஒரு வேண்டுகோள். எங்களை நீதிபதி ஆக்காதீர்கள். "அவங்க வீட்டிலிருந்து வரும்போதுதான் ஹோம்வொர்க் செய்யறதில்லைன்னு எழுதிக் கொடுங்க மிஸ்" என்று கேட்டவர்கள் உண்டு. வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் கேட்டால் பள்ளி முறைப்படி தரும். யார் நல்ல பெற்றோர் என்று சொல்லும் இடத்துக்கு ஆசிரியர் போய்விட்டால், பிள்ளைக்கு மிஞ்சியிருந்த ஒரு பொதுவான மனிதரும் போய்விடுவார்.

6. இரண்டு வீடு, ஒரே பை

மறந்துபோன நோட்டுதான் வாரத்தின் முதல் சண்டை. அதனால் எது எந்த வீட்டில் இருக்கும் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். பேனா, பென்சில், ஸ்கேல், கலர் பென்சில், கம், கத்தரிக்கோல், ஒரு அகராதி, இவை இரண்டு வீட்டிலும் இருக்கட்டும். சீருடை ஒரு ஜோடியாவது இரண்டாவது வீட்டில் எப்போதும் துவைத்து மடித்து இருக்க வேண்டும், சாக்ஸும் பெல்ட்டும் சேர்த்து. பாடப்புத்தகம், நோட்டு, டைரி, ஐடி கார்டு, கண்ணாடி, மருந்து, இவை பையோடு போகும். பையின் உள்மூடியில் இந்தப் பட்டியலைச் சின்னதாக ஒட்டிவிடுங்கள். சின்ன வகுப்பென்றால் கிளம்புகிற வீட்டுப் பெரியவர் சரிபார்க்க வேண்டும், பிள்ளை மேல் போடக் கூடாது. பெரிய பாடப்புத்தகங்களின் மின்பிரதியோ பழைய பிரதியோ கிடைத்தால் மற்ற வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

வீடு மாறும் நேரத்தையும் யோசியுங்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கைமாறுகிற பிள்ளை திங்கள்கிழமை முதல் பீரியடில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காரும். முடிந்தால் மாலையிலேயே வந்துவிடட்டும். இன்னும் நல்லது, பள்ளி வழியாகவே மாறுவது: வெள்ளிக்கிழமை அம்மா கொண்டுவந்து விடுவார், மாலையில் அப்பா அழைத்துப் போவார், திங்கள் காலை அப்பா விடுவார். வாசலில் இருவரும் முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பிள்ளைக்கும் வழியனுப்பும் அழுகை இல்லை. உத்தரவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிகள் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் படிக்கும், இன்னொன்றில் தரையில் உட்கார்ந்து படிக்கும். பிள்ளைகள் இதற்குப் பழகிக்கொள்வார்கள். பள்ளி நாளில் எத்தனை மணிக்குத் தூக்கம், வீட்டுப்பாடம் முடித்த பிறகுதான் போன், இந்த இரண்டு மட்டும் ஒத்துப்போனால் போதும் என்பது என் அனுபவம். வார இறுதியில் மட்டும் பிள்ளை வரும் வீட்டில், கிடைக்கும் இரண்டு நாளையும் விளையாட்டாகவே கழிக்கத் தோன்றும். அந்த ஆசை நியாயமானது. ஆனால் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரமாவது புத்தகத்தோடு உட்காருங்கள். ஞாயிறு இரவு வீட்டுப்பாடத்தோடு போராடும் பொறுப்பு முழுதும் மற்றவர் தலையில் விழாமல் இருக்கும்.

7. ஃபீஸ்

படிப்புச் செலவைப் பட்டியல் போட்டு யார் எதைக் கட்டுவது என்று கல்வியாண்டு தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் மட்டுமல்ல, புத்தகம், சீருடை, வண்டி, சுற்றுலா, தேர்வுக் கட்டணம், டியூஷன் எல்லாம். முன்கூட்டிச் சொல்லாத செலவு என்றால் எத்தனை நாளைக்கு முன் தெரிவிப்பது என்பதையும் எழுதுங்கள். ரசீதைப் பொதுவான இடத்தில் போட்டு வையுங்கள். ஃபீஸ் பாக்கி நினைவூட்டலைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம், இந்த இரண்டு எண்ணுக்கு அனுப்புங்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள். "அப்பா இன்னும் கட்டலை" என்ற வார்த்தை பிள்ளையின் காதில் விழவே கூடாது.

8. விழா நாட்கள்

மேடையில் நிற்கிற பிள்ளை முதலில் கூட்டத்தில்தான் தேடும். இரண்டு பேரும் வருவதாக இருந்தால் எங்கே உட்காருவீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் என்றால்கூடச் சரி. நிகழ்ச்சி முடிந்ததும் யாரிடம் முதலில் ஓடுவது என்று பிள்ளை தவிக்கும். "முதலில் அம்மாவிடம் போ, நான் கேட் பக்கம் இருக்கிறேன்" என்று ஒருவர் முன்பே சொல்லி வைத்தால் அந்தத் தவிப்பு இல்லை. புதிதாகத் துணை யாராவது வந்திருந்தால், அவரைப் பிள்ளையின் நண்பர்களுக்கு அறிமுகம் செய்யும் நாளாக விழாவை ஆக்க வேண்டாம். பிள்ளையே கேட்கட்டும்.

9. ஒருவர் தொலைவில் இருந்தால்

வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பவர் சந்திப்பை வீடியோ அழைப்பில் கேட்கலாம். பல பள்ளிகள் ஒத்துக்கொள்கின்றன, நேர வித்தியாசத்தைச் சொல்லி முன்பே நேரம் வாங்குங்கள். ஒரு பாடத்தை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வியாழனும் அரை மணி நேரம், அந்தப் பாடப்புத்தகத்தின் ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்க வேண்டும். பொதுவாக "நல்லாப் படிக்கிறியா?" என்று தினமும் கேட்பதைவிட, "போன வாரம் அந்த வகுத்தல் கணக்குல மிச்சம் வந்துச்சே, இப்போ சரியா வருதா?" என்று கேட்டால் பிள்ளை பேசும்.

10. மற்றவர் ஒத்துழைக்காவிட்டால்

மேலே சொன்னதெல்லாம் இருவரும் ஓரளவாவது பேசுகிற வீட்டுக்கு. பேச்சே இல்லாத இடத்தில், தனித்தனிப் பாதையில் போகலாம். நீங்கள் உங்கள் பங்குக்குப் பள்ளியோடு நேரடியாகத் தொடர்பில் இருங்கள். அவர் அவர் பங்குக்கு இருக்கட்டும். தகவலை ஒரு வரியில் அனுப்பிவிட்டுப் பதிலை எதிர்பார்க்காமல் இருங்கள். மறுபடி மறுபடி மறைக்கிறார், கூட்டத் தேதியைச் சொல்வதே இல்லை என்றால் பிள்ளையிடம் துருவாதீர்கள். தலைமையாசிரியருக்கு எழுத்தில் கேளுங்கள், தேதியோடு நகல் வையுங்கள். அப்புறமும் நடக்கவில்லையென்றால் நடுவர் ஒருவர் மூலமாகவோ வழக்கறிஞர் மூலமாகவோ போகலாம். பள்ளி அலுவலகத்தில் சத்தம் போட்டால் அங்கே உள்ளவர்கள் பயந்து கதவைத்தான் சாத்துவார்கள்.

அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்த வீடு என்றால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஒன்றாக உட்கார வேண்டாம், பொது மின்னஞ்சல் வேண்டாம். பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதன் நகலைத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். வாயிற்காவலர் வரை யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். செயலியில் பிள்ளையின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், உங்கள் புது முகவரியும் பள்ளி வண்டி நிற்கும் இடமும் அங்கே தெரிந்தால் உடனே மறைக்கச் சொல்லுங்கள். வகுப்புப் புகைப்படங்களை இணையத்தில் போட வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள். உத்தரவு எதுவும் இல்லாமல் வாயால் மட்டும் சொன்னால், மற்றவரைத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் இருக்காது. அதனால் காகிதம் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

11. பெரிய முடிவுகளும் பிள்ளையின் வார்த்தையும்

பள்ளி மாற்றம், பாடப்பிரிவு, விடுதி, வெளிநாட்டுப் படிப்பு, இதையெல்லாம் ஒருவர் முடிவு செய்துவிட்டு மற்றவருக்குத் தெரிவிப்பது பெரிய விரிசலை உண்டாக்கும். மாற்றுச் சான்றிதழுக்கு யார் கையெழுத்து வேண்டும் என்று பள்ளியில் கேட்டு வையுங்கள். பிரிந்த முதல் ஆண்டிலேயே பள்ளியையும் மாற்றுவதை, வேறு வழி இருந்தால், தவிர்க்கப் பாருங்கள். வீடு மாறிய பிள்ளைக்கு அதே வகுப்பறை, அதே நண்பன், அதே பெஞ்ச் என்பது பெரிய பிடிமானம்.

பிள்ளையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே ஐ.நா. உடன்படிக்கையின் 12-வது பிரிவு சொல்கிறது. "யாரோடு போகிறாய்?" என்று கேட்பது கருத்துக் கேட்பது ஆகாது. "எந்தப் பாடம் பிடிச்சிருக்கு, எது பயமா இருக்கு, எந்த நாள் வீடு மாறினா உனக்கு வசதி?" என்று கேளுங்கள். தலைவலி, வயிற்றுவலி என்று ஒரு குறிப்பிட்ட கிழமையில் மட்டும் வந்தால், நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கினால், பள்ளி ஆலோசகரிடமோ வகுப்பாசிரியரிடமோ உடனே பேசுங்கள். மதிப்பெண் குறைந்ததற்கு மற்ற வீட்டைக் காரணம் சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பதினைந்து, பதினாறு வயதில் இந்த ஏற்பாட்டில் கொஞ்சத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். என் வகுப்பில் இருந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன் அம்மா, அப்பா இருவரையும் ஒரே குழுவில் சேர்த்து மூன்று கோரிக்கை எழுதினான்: கணக்கை அப்பா பார்க்கட்டும், தமிழை அம்மா பார்க்கட்டும், பரீட்சை எழுதி முடித்த அன்று எவ்வளவு மார்க் வரும் என்று இருவரும் கேட்க வேண்டாம். இருவரும் "சரி" என்று பதில் போட்டார்கள். அந்தத் திரையைப் பிரின்ட் எடுத்து டைரியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான்.